சில வேளை இயங்கிச் சில வேளை மறுக்கும் கம்ப்யூட்டர்

நமது சங்க அலுவலகங்கள் பலவற்றில் நூல் இருப்பு, நெசவுக் கூலிப் பட்டியல், பயிர்க் கடன் தவணை, பங்குத் தொகை, வைப்புத் தொகை ஆகிய கணக்குகள் இப்பொழுது கம்ப்யூட்டரில் இருக்கின்றன. முன்னாளில் இவை பேரேட்டில் இருந்தன. பேரேட்டைத் திறப்பதற்குக் கை ஒன்று போதும். கம்ப்யூட்டரைத் திறப்பதற்கோ, பொத்தானை அமுக்கிவிட்டு, அது விழித்துக்கொள்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அது அடியோடு இயங்கவில்லையென்றால் உடனே பழுது பார்ப்பவரை அழைத்து விடுகிறோம். சில வேளை இயங்கிச் சில வேளை மறுக்கும் யந்திரமே நம்மை ஏமாற்றுகிறது. "இன்று எப்படியோ ஓடிவிட்டது" என்று அன்றைய வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்த அசட்டையினால் விளையும் நஷ்டம் அலுவலகத்தின் நஷ்டம் மட்டுமன்று. கூலிக்கும் கடனுக்கும் காத்திருக்கும் ஒவ்வோர் அங்கத்தினரின் நஷ்டமுமாகும். ஆகையால் இக்கோளாறு எவ்வாறு தோன்றுகிறது, அதை எந்த ஒழுங்கில் தேட வேண்டும் என்பதை இங்கே விளக்குவோம்.

நாம் நேரில் அறிந்த நெசவாளர் சங்கம் ஒன்றில் நடந்ததை முதலில் கூறுதல் நலம். அங்கே கம்ப்யூட்டர் காலையில் முதல் முறை பொத்தானை அமுக்கினால் எழுவதில்லை. மூன்றாம் முறையோ நான்காம் முறையோதான் எழும். எழுந்தபின் மாலை வரையில் ஒரு குறையும் இராது. எழுத்தர் இதற்கு ஓர் உபாயம் கண்டார். இரவிலும் அதை அணைக்காமலே விட்டு வைத்தார். ஆறு வாரம் இவ்வாறு சென்றது. கூலிப் பட்டுவாடாவுக்கு முந்திய இரவு மின்சாரம் தடைப்பட்டது, யு.பி.எஸ். பாட்டரி தீர்ந்தது, யந்திரம் அணைந்தது. மறுநாள் காலை எத்தனை முறை அமுக்கியும் அது எழவில்லை. கணக்குக்குக் கடைசியாகப் பிரதி எடுத்தது இரண்டு மாதத்துக்கு முன்பு. நல்ல வேளையாக ஹார்ட் டிஸ்க் சேதமடையவில்லை. அதைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்துக் கணக்கை மீட்டார்கள். எனினும் கூலி மூன்று நாள் தாமதமாயிற்று. பழுதாகியிருந்தது ஒரே ஒரு பாகம். அது ஆறு வாரமும் எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது, கேட்பார் இல்லை.

மின்சாரம் செல்லும் வழி

கோளாற்றைத் தேடுமுன் மின்சாரம் எவ்வழியே சென்று யந்திரத்தை எழுப்புகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகளுக்கு இது ஆகாது. பெட்டியின் பின்புறத்தில், மின்சார வயர் வந்து சொருகும் இடத்தில், தகரக் கூடு ஒன்று இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்குவது அதுவே. அது 230 வோல்ட்டை வாங்கி 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என மூன்று வகை நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருகிறது. இன்று பெரும்பாலான மேஜைக் கம்ப்யூட்டர்களில் உள்ள அமைப்பு 1995-ஆம் ஆண்டில் இன்டெல் கம்பெனி வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் முறையைத் தழுவியது.

இம்முறையில் முன்புறத்துப் பொத்தான் விளக்கு ஸ்விட்சைப் போன்றதன்று. பம்பு செட்டு ஸ்டார்ட்டரில் உள்ள பச்சைப் பொத்தானை விவசாயிகள் அறிவர். மோட்டாருக்குரிய மின்சாரம் அப்பொத்தான் வழியாகச் செல்வதில்லை. அது உள்ளேயுள்ள காயிலுக்குக் கட்டளை மட்டும் தருகிறது. கம்ப்யூட்டர் பொத்தானும் அவ்வாறே. பிளக் சொருகியிருக்கும் வரையில், யந்திரம் அணைந்திருந்தாலும், எஸ்.எம்.பி.எஸ். ஊதா நிற வயர் வழியாக 5 வோல்ட் காவல் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். பொத்தானை அமுக்கியதும் மதர்போர்டு இக்காவல் மின்சாரத்தின் துணையால் பச்சை வயர் வழியே "எழுக" என்று கட்டளை தருகிறது. எஸ்.எம்.பி.எஸ். முழு மின்சாரத்தையும் எழுப்பித் தன் அளவுகள் சரியாய் நிற்கின்றனவா என்று தானே பார்த்துக்கொண்டு, சாம்பல் நிற வயர் வழியே "எல்லாம் நலம்" என்று மறுமொழி அனுப்புகிறது. இதற்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு முதல் பாதி விநாடி வரையில் ஆகும். அம்மறுமொழி வந்த பின்னரே யந்திரத்தின் மூளையாகிய பிராசஸர் தன் வேலையைத் தொடங்கும்.

ஆகவே தடை ஏற்படக்கூடிய இடங்கள் ஐந்து. சுவரிலிருந்து பெட்டி வரையில் வரும் வழி ஒன்று, பொத்தான் ஒன்று, எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, மதர்போர்டு ஒன்று, அதில் சொருகியிருக்கும் மற்ற உறுப்புகள் ஒன்று. மிதியை மிதித்தும் பாவு பிரியாவிட்டால் நெசவாளர் தறியையே பிரித்துப் போட்டுவிடுவதில்லை. மிதியின் கயிற்றிலிருந்து விழுது வரையில் வரிசையாகப் பார்த்துச் செல்கிறார். இங்கும் செய்ய வேண்டியது அதுவே. வரிசை தவறாமை, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுதல் என்னும் இரண்டு விதிகளைக் கடைப்பிடித்தால் வீண் செலவுக்கு இடமில்லை. இரண்டு பாகங்களை ஒருங்கே மாற்றிவிட்டால், குணம் எதனால் ஏற்பட்டது என்பது ஒருபோதும் தெரியாது.

முதற் கடமை

யந்திரம் இன்று எழுந்துவிட்டதென்றால், வேறு எதையும் செய்யுமுன் கணக்குகளைப் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ பிரதி எடுத்துவிட வேண்டும். நாளை அது எழும் என்பதற்கு உறுதியில்லை. எடுத்த பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துக்கொள்வதும் அவசியம். திறவாத பிரதி பிரதியே ஆகாது. பட்டியல்களைக் காகிதத்திலும் அச்சிட்டு வைத்தால் பட்டுவாடா தடைப்படாது.

அடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு நாளும் நடப்பதைக் குறித்து வருக. எத்தனையாவது அமுக்கலில் எழுந்தது, காலையா மாலையா, மழை நாளா, விசிறி சுழன்றதா, முன்புற விளக்கு எரிந்ததா, யு.பி.எஸ். சத்தமிட்டதா என்பவற்றை எழுதினால் போதும். ஒரு வாரக் குறிப்பு பழுது பார்ப்பவருக்கு அரை நாள் வேலையைக் குறைக்கும். கோளாற்றின் தன்மை இக்குறிப்புகளிலேயே பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். திரையில் எழுத்துக்கள் தோன்றி, அதற்குப் பின் விண்டோஸ் திறவாமல் நின்றால், அது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்கைப் பற்றியதோ மென்பொருளைப் பற்றியதோ ஆன வேறு விஷயம். இக்கட்டுரை மின்சாரம் எழாமையைப் பற்றியது.

சுவரிலிருந்து தொடங்குக

முதலில் பெட்டியைத் திறவாமலே பார்க்கத்தக்கவற்றைப் பார்ப்போம். அதே பிளக் துவாரத்தில் ஒரு மேஜை விளக்கைச் சொருகி, அது நடுங்காமல் எரிகிறதா என்று காண்க. நீட்டிப்புப் பலகைகள் நாளடைவில் உள்ளே தளர்ந்து கருகிவிடுகின்றன. தொட்டால் எரியும் விளக்கு, அசைத்தால் அணையும். பெட்டியின் பின்னால் சொருகும் வயரும் தளர்ந்திருக்கலாம். அதை முழுதும் உள்ளே அழுத்துக. இயலுமானால் மானிட்டரின் வயரை இதற்கு மாற்றிப் பார்க்க. பெரும்பாலும் இரண்டும் ஒரே வகையாதலால் இச்சோதனைக்குச் செலவு இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறத்திலுள்ள சிறு ஸ்விட்ச் தரையைப் பெருக்கும்போது தட்டுப்பட்டு அணைந்திருப்பதும் உண்டு. பழைய வகை சிலவற்றில் 115 என்றும் 230 என்றும் குறித்த சிவப்பு ஸ்விட்ச் ஒன்று உண்டு. நம் நாட்டில் அது எப்பொழுதும் 230-இல் இருத்தல் வேண்டும். 115-க்குத் தள்ளி மின்சாரம் தந்தால் எஸ்.எம்.பி.எஸ். அக்கணமே வெடித்துக் கெடும்.

யு.பி.எஸ்.ஸும் சந்தேகத்துக்கு உரியதே. அதனுள்ளே இருக்கும் ஈய-அமில பாட்டரி சில ஆண்டுகளில் வலிமை குன்றிவிடும். மின்சாரம் ஒரு கணம் தடுமாறினால் அது சுமையைத் தாங்க முடியாமல் கைவிடுகிறது. கம்ப்யூட்டர் தானே அணைந்து எழுகிறது. ஒரு நாள் யு.பி.எஸ்.ஸை விலக்கிவிட்டு நேரே சுவரில் சொருகிப் பார்த்தால் உண்மை புலப்படும். பம்பு செட்டுகள் ஓடும் வேளையில் மட்டும் கோளாறு காண்கிறதென்றால், லயனில் வோல்ட்டேஜ் தாழ்வதைச் சந்தேகிக்கலாம்.

இவற்றுக்குப் பின்பும் குணமில்லையென்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு முன்புறப் பொத்தானை அரை நிமிஷம் அமுக்கிப் பிடித்திருந்து, மீண்டும் சொருகிப் பார்க்க. உள்ளே தேங்கி நின்ற மின்சாரம் வடிந்துவிடுவதால், காப்பு நிலையில் பூட்டிக்கொண்ட எஸ்.எம்.பி.எஸ். சில வேளை விடுபட்டு எழும். ஆனால் இது மருந்தன்று. நோய் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

பெட்டியைத் திறந்த பின்

இனிப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறக்கலாம். பிளக்கைப் பிடுங்காமல் உள்ளே கைவைத்தல் கூடாது. முதலில் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொடுக. நம் உடலில் தேங்கிய நிலை மின்சாரம் நீங்கிவிடும். அது நீங்காமல் உறுப்புகளைத் தொட்டால் அவை கெடக்கூடும்.

நெசவாளர் சங்கங்களில் திறந்தவுடன் காண்பது பஞ்சுத் தூசியே. விசிறிகளிலும் பிராசஸரின் மேலுள்ள உலோகத் தகடுகளிலும் அது மெத்தையைப் போலப் படிந்துவிடுகிறது. காற்று ஓட்டம் நின்று, பிராசஸர் சூடேறி, யந்திரம் எழுந்த சில நிமிஷங்களில் தானே அணைந்துவிடும். ஆறிய பின் மறுபடி எழும். பெட்டியை வெளியே எடுத்துச் சென்று மெல்லிய பிரஷ்ஷினாலும் காற்றினாலும் தூசியை நீக்குக. காற்றடிக்கும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்க. ஈரத் துணி உதவாது.

அடுத்தது பொத்தான். அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் மதர்போர்டின் ஓரத்தில் சொருகப்பட்டிருக்கும். பொத்தான் தேய்ந்தோ உள்ளே ஒட்டிக்கொண்டோ போனால் எத்தனை நல்ல யந்திரமும் எழாது. அல்லது எழுந்து சில விநாடிகளில் அணையும். ஏனெனில் நான்கு விநாடிக்குமேல் அமுங்கியிருந்தால் அணைக்க வேண்டும் என்றே யந்திரம் பொருள் கொள்ளும். இதைச் சோதிக்க எளிய வழியுண்டு. 'ரீசெட்' பொத்தான் உள்ள பெட்டிகளில் அதன் வயரைக் கழற்றி, முதற் பொத்தானின் வயர் இருந்த இடத்தில் சொருகி, அதனால் எழுப்பிப் பார்க்க. தவறாமல் எழுந்தால் குற்றம் பழைய பொத்தானுடையது. காசு செலவின்றி அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளவும் தடையில்லை.

பின்னர் இணைப்புகள். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்கு வரும் 24 முனைகள் கொண்ட பெரிய சொருகியையும், பிராசஸருக்கு அருகிலுள்ள 4 அல்லது 8 முனைகள் கொண்ட சிறிய சொருகியையும் கழற்றி, முனைகளில் கருகல் உண்டா என்று பார்த்துத் திரும்ப அழுத்திச் சொருகுக. விசிறி சுழன்றும் திரையில் ஒன்றும் தோன்றாவிட்டால், முதலில் மானிட்டரின் வயர்களைப் பார்த்துவிட்டு, ராம் பட்டையைக் கழற்றி அதன் பொன்னிற விளிம்பை மென்மையான எழுத்தழிக்கும் ரப்பரால் துடைத்து மீண்டும் பொருத்துக. ஈரக் காற்றுள்ள ஊர்களில் இவ்வொன்றினாலேயே பல யந்திரங்கள் குணமடைகின்றன.

இன்னும் எழவில்லையெனில் சுமையைக் குறைக்க. பிரிண்டர், பென் டிரைவ், சி.டி. டிரைவ், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மதர்போர்டு, பிராசஸர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம் பட்டை, மானிட்டர் ஆகியவற்றோடு எழுப்பிப் பார்க்க. திரைக்கென்று தனிக் கார்டு இருந்து, அதன்றித் திரைக்கு வேறு வழியில்லையென்றால் அதையும் விட்டு வைக்க. விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும் யந்திரங்கள் இவ்வாறு செய்தபின் எழுமானால், கழற்றியவற்றுள் ஒன்றில் மின்சாரம் குறுக்கே பாய்கிறது என்பது தெளிவு. ஒன்றன்பின் ஒன்றாக மீண்டும் இணைத்து வந்தால் குற்றவாளி தானே அகப்படும். முன்புற யு.எஸ்.பி. துவாரத்தினுள் தகடு வளைந்திருப்பதும் இத்தகைய கோளாறு செய்யும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முதுமை

மேலே கூறிய சங்கத்தின் யந்திரம் காலையில் மறுத்துப் பிறகு எழுந்ததன் காரணத்தை இப்பொழுது விளக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸினுள்ளே கெபாசிட்டர் என்னும் சிறு உருளைகள் உள்ளன. மின்சாரத்தைத் தேக்கி, ஏற்ற இறக்கமின்றிச் சமமாக அனுப்புவது அவற்றின் வேலை. பெரும்பாலானவற்றுள் ஒருவகைத் திரவம் ஊறியிருக்கும். சூட்டினால் அது நாளடைவில் வற்றிப்போகிறது. சூடு 10 டிகிரி ஏறினால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னியலாரின் பொதுக் கணக்கு. வற்றிய கெபாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தை அதிகமாகத் தடுக்கும்; சூடேறியதும் தடை குறையும். ஆகவே காலையில் மின்சாரம் சமநிலைக்கு வருவதில்லை. "எல்லாம் நலம்" என்னும் மறுமொழி போவதில்லை. இரண்டு மூன்று முறை அமுக்கியதில் சற்றே சூடேறிய பின் மறுமொழி செல்கிறது, யந்திரம் எழுகிறது. இரவெல்லாம் அணைக்காமல் வைத்தால் கோளாறு தோன்றாது. ஆனால் இடைவிடாத சூட்டினால் எஞ்சிய திரவமும் விரைவில் வற்றும். எழுத்தரின் உபாயம் நோயை மறைத்து அதன் முடிவை விரைவுபடுத்தியது.

இதைச் சோதிக்க மிகச் சிறந்த வழி, நன்றாக இயங்குவதென்று தெரிந்த வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை இணைத்துச் சில நாள் காலையில் எழுப்பிப் பார்ப்பதே. மல்ட்டிமீட்டர் உள்ளவர்கள் யந்திரம் ஓடும்போது அளந்தும் பார்க்கலாம். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரையில் இருத்தல் வேண்டும். கறுப்பு வயர் பொதுவானது. புதிய வகை சிலவற்றில் எல்லா வயரும் கறுப்பாகவே இருக்கும். அங்கே முனைகளின் இடத்தை அறிந்தவரே அளக்க வேண்டும். பச்சை வயரையும் கறுப்பையும் இணைத்து விசிறி சுழல்கிறதா என்று பார்க்கும் வழக்கம் பழுது பார்ப்பவர்களிடம் உண்டு. அது எழும் சக்தியைக் காட்டுமேயன்றிச் சுமையைத் தாங்கும் சக்தியைக் காட்டாது. ஆகையால் அதில் தேறியதைக் கொண்டே எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்று முடிவு செய்வது தவறு.

ஓர் அபாயத்தை இங்கே அழுத்தமாகக் கூறுகிறோம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் தகரக் கூட்டைத் திறக்கவே கூடாது. அதனுள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது இருக்கக்கூடும். உயிரையே மாய்க்கவும் கூடும். கெட்டதை மாற்றுவதே முறை. மாற்றும்போது பழையதற்குக் குறையாத வாட் அளவுள்ளதாகவும், சொருகிகள் பொருந்துவதாகவும் பார்க்க. சில கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் தனிப்பட்ட சொருகிகள் இருப்பதால், பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குதல் உத்தமம்.

மதர்போர்டு

எஸ்.எம்.பி.எஸ். மாற்றியும் கோளாறு தொடர்ந்தால் மதர்போர்டைப் பார்க்க வேண்டும். அதிலுள்ள கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ பழுப்பு நிறக் கசிவுடனோ இருந்தால் அவை கெட்டவை. ஏறக்குறைய 1999 முதல் 2007 வரையில் உலகெங்கும் விற்ற மதர்போர்டுகள் பலவற்றில் குறைபாடுள்ள திரவம் அடைத்த கெபாசிட்டர்கள் பொருத்தப்பட்டு, அவை சில ஆண்டுகளிலேயே உப்பி வெடித்தன. பழைய கம்ப்யூட்டரை நன்கொடையாகப் பெறும் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும். உப்பியவற்றை மாற்றுவது கைதேர்ந்தவரின் வேலை. தேதியும் மணியும் அடிக்கடி பின்னோக்கிப் போனால் 3 வோல்ட் வட்டப் பாட்டரி தீர்ந்தது என்று பொருள். அது தீர்ந்தால் சில மதர்போர்டுகள் எழவே மறுக்கும். அதன் விலை சொற்பமாதலால் மதர்போர்டையே குற்றம் சொல்லுமுன் அதை மாற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

சங்கங்கள் செய்யத்தக்கது

மேற்கூறிய வரிசையில் முதற் பாதிக்குச் செலவே இல்லை. பின் பாதிக்குத் தேவைப்படுவது, நன்றாக இயங்கும் ஒரு மாற்று எஸ்.எம்.பி.எஸ். மட்டுமே. இதை ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பது சிக்கனமாகாது. அண்டையிலுள்ள நான்கைந்து சங்கங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொண்டால், எவருக்குக் கோளாறு நேர்ந்தாலும் அன்றே சோதித்துவிடலாம். அறுவடைக் கருவியைப் பொதுவில் வைக்கத் தெரிந்த நமக்கு இது புதிதன்று.

பிரதி எடுப்பதை வாரந்தோறும் ஒரு குறித்த கிழமையில், ஒரு குறித்த நபரின் பொறுப்பில் நடத்துக. பிரதிகளில் ஒன்று அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நூல் இருப்பைக் கேட்பது போலவே "பிரதி எடுத்தாயிற்றா? யந்திரம் முதல் அமுக்கலில் எழுகிறதா?" என்று அங்கத்தினர்கள் கேட்கட்டும். முதல் அமுக்கலில் எழாத நாளையே கோளாறு தொடங்கிய நாளாகக் கருதி, அன்றே குறிப்பேட்டைத் திறக்க வேண்டும். அவ்வாறு செய்யும் சங்கத்தில் யந்திரம் கெட்டாலும் கூலி நாள் கெடாது.